0.05 அங்குல ஐஸ்: புதன்கிழமை உறைதூறலுக்கு எவ்வளவு தயாராகணும்? (ஆஸ்டின், சீடர் பார்க்)

சீடர்பார்க்_புதுசு கேட்டது:

செவ்வாய் ராத்திரியிலிருந்து வியாழன் காலை வரை நம்ம பக்கத்துக்குக் குளிர்கால வானிலை அட்வைசரி போட்டிருக்காங்க. லேசான ஸ்லீட் (ஐஸ் குருணை), உறைதூறல் (தொட்ட இடத்துல உறையற தூறல்), ஐஸ் படிவு நூறில் ஐந்து அங்குலம் வரை. வெப்பநிலை செவ்வாய் மாலை 35, புதன் முழுக்க 29 முதல் 31, வியாழன் விடியற்காலை 26. எல்லாம் ஃபாரன்ஹீட்.

0.05 அங்குலம்னா ஒண்ணேகால் மில்லிமீட்டர். இதுக்கு ஸ்கூல் லீவு விடுவாங்கன்னு பேச்சு, கடையில தண்ணி பாட்டில் அடுக்கு காலி. சான் டியேகோவிலிருந்து மாறி வந்த எங்களுக்கு இது கொஞ்சம் ஓவராத் தெரியுது. ஆனா தெரியாத விஷயத்துல அசட்டுத் துணிச்சல் வேண்டாம்னு இங்க கேக்கறேன்.

புதன் மதியம் 2 மணிக்கு அப்பா அம்மா லண்டன் வழியா ஆஸ்டின் வந்து இறங்கறாங்க. 183ஏ டோல் ஏறி, அப்படியே 183ல ஏர்போர்ட் போறதுதான் வழக்கம். கார் ஆல்-வீல் டிரைவ். போகலாமா? தண்ணி உறையாம இருக்க வீட்டுல எல்லாக் குழாயையும் சொட்ட விடணுமா? ஸ்பிரிங்க்ளருக்காக வீட்டுப் பக்கவாட்டுல பித்தளையில ஒரு அமைப்பு நிக்குது, அதை என்ன செய்யணும்? டேங்க்லெஸ் வாட்டர் ஹீட்டரும் வெளிச்சுவர்லதான் இருக்கு. கடைசியா, ஐஸ் கரைக்கத் தூவற உப்பு எங்கயும் கிடைக்கலை; வீட்டுல நாலு பாக்கெட் கல் உப்பு இருக்கு. ஆகுமா?

மேகவாசி:

முதலில் அந்த 0.05 பற்றி. ஐஸ் கனத்தைச் சொல்லும் எண் மரக்கிளைக்கும் மின்கம்பிக்கும் உரியது. கால் அங்குலத்தை எட்டும் என்றால்தான் ஐஸ் புயல் எச்சரிக்கை வரும். அந்த அளவில் கிளைகள் முறியத் தொடங்கும். சாலை வழுக்க அதெல்லாம் தேவையில்லை. 0.01 அங்குலம் ஒரு மேம்பாலத்தை மூட வைக்கப் போதும். ஆகவே உங்கள் புதன்கிழமைக்குப் பார்க்க வேண்டியது வேறு மூன்று: காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது, தூறல் எந்த நேரத்தில் தொடங்குகிறது, உங்கள் பாதையில் எத்தனை பாலம்.

டெக்ஸாஸில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் முன்னறிவிப்பைப் படிப்பது எளிது. கனடாவிலிருந்து சமவெளி வழியாகச் சரிந்து வரும் குளிர்காற்று கனமானது, தரையோடு ஒட்டி வரும். ஆஸ்டினை எட்டும்போது அதன் தடிமன் சில நூறு மீட்டர்தான் இருக்கலாம். அதற்கு மேலே மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று ஏறிப் போகிறது. அந்த வெதுவெதுப்பான அடுக்கில் பனித்துகள் உருகித் துளியாகி, கீழே தடிமனான குளிர் அடுக்கில் விழும் வழியிலேயே மறுபடி உறைந்தால் ஸ்லீட். கீழடுக்கு மெலிதாக இருந்தால் உறைய நேரம் இல்லாமல், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த நீராகவே தரை தொடும். தொட்ட இடத்தில் கண்ணாடிபோல் படியும். அது உறைமழை.

உறைதூறல் பெரும்பாலும் இந்த வழியில் வருவதில்லை. மேலே வெதுவெதுப்பான அடுக்கே இல்லாமலும் வரும். தாழ்வான மேகத்தின் உச்சி மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாவிட்டால் அதற்குள் பனித்துகள் உருவாவது மிகக் குறைவு. மேகம் முழுக்க அதிகுளிர் நீர்த்துளிகள். அவை ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளிகளாக இறங்கும். சத்தம் கிடையாது. ஜன்னல் வழியே பார்த்தால் மழை பெய்வதாகவே தோன்றாது.

ரேடாருக்கும் தெரியாது, இதுதான் பலரை ஏமாற்றும் இடம். நமக்கு இரண்டு ரேடார்: வடக்கே கிரேஞ்சர், தெற்கே நியூ பிரான்ஃபெல்ஸ். கதிர் தூரம் போகப் போக உயரும். நூறு கிலோமீட்டர் தள்ளி அது ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் போகும். தூறல் தரும் மேகமோ அதற்குக் கீழே. செயலியில் படம் வெறுமையாக இருக்கும், உங்கள் வாசல்படி வழுக்கும். விமான நிலைய மெட்டார் என்னும் வானிலை அறிக்கையில் எஃப்.இசட்.டி.இசட் என்று வந்தால் உறைதூறல், பி.எல் என்றால் ஸ்லீட். ஆளில்லாத தானியங்கி நிலையங்களுக்குத் தூறலைப் பிரித்தறியத் தெரியாது, யு.பி (இன்னதென்று தெரியாத பொழிவு) என்று மட்டும் போடும், அல்லது ஒன்றுமே போடாது. 30 டிகிரியில் யு.பி பார்த்தால் ஐஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் மாலை 35 டிகிரி என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். பனிப்புள்ளியை, அதாவது காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை, பாருங்கள். காற்று வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால், தூறல் விழுந்து ஆவியாகும்போது காற்று எதுவரை குளிரும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 35 டிகிரி, பனிப்புள்ளி 24 என்றால் வித்தியாசம் 11. மூன்றில் ஒன்று நாலுக்குக் கொஞ்சம் குறைவு. விடை 31. மழை தொடங்கியபின் அரைமணி, ஒரு மணி நேரத்தில் ஐஸ் பிடிக்கத் தொடங்கும்.

இன்னொன்று, உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது. பெர்க்ஸ்ட்ராம் விமான நிலையம் தென்கிழக்கில் தாழ்வான இடத்தில், கடல்மட்டத்திலிருந்து 540 அடி உயரத்தில் இருக்கிறது. சீடர் பார்க் பால்கோனஸ் சரிவுக்கு மேலே, சுமார் 900 அடி. தொலைக்காட்சியில் "ஆஸ்டின் 33" என்று ஓடும்போது லியாண்டரிலும் உங்கள் தெருவிலும் 30 இருப்பது வழக்கமான சங்கதி. ஜார்ஜ்டவுன் விமானத்தளத்தின் அளவீடு உங்களுக்கு நெருக்கமாக இருக்கும்.

முடியும் நேரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். மெலிந்த குளிர் அடுக்கை முன்னறிவிப்புக் கணினி மாடல்கள் சீக்கிரமே கரைத்துவிடுகின்றன. புதன் மதியம் 33க்கு ஏறும் என்று ஏதாவது மாடல் காட்டினால் அதோடு சில மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மோபாக்_ஓட்டுநர்:

ஏர்போர்ட் கேள்விக்கு நான் சொல்றேன். 183ஏ, 183, 45, மோபாக் சந்திப்பு எல்லாத்துலயும் தூண் மேல நிக்கிற சாலை, மேம்பாலம் நிறைய. மண்ணு மேல போட்ட ரோட்டுக்குக் கீழிருந்து சூடு வரும்; நம்ம ஊர்ல ஜனவரியிலும் மண்ணு 50 டிகிரிக்குக் கிட்ட இருக்கும், அதனால சாதா தெரு லேசில் உறையாது. பாலத்துக்கு மேலயும் காத்து, கீழயும் காத்து. தெரு வெறும் ஈரமா இருக்கும்போதே ஃப்ளைஓவர் கண்ணாடி ஆயிடும். நீங்க 65ல ஈரச் சாலையில வந்து, அதே 65ல ஐஸ் மேல ஏறுவீங்க. விபத்து நடக்கிறது அந்த மாறுற இடத்துலதான்.

2021 பிப்ரவரி 11 விடியற்காலை ஃபோர்ட் வொர்த் ஐ-35டபிள்யூ டோல் லேன்ல 130க்கும் மேல வண்டி மோதிக்கிச்சு, ஆறு பேர் செத்தாங்க. அன்னிக்குப் பெஞ்சதை மழைன்னே சொல்ல முடியாது. முன்கூட்டியே பிரைன் தெளிச்ச சாலைதான் அது. பெரிய புயல் வந்தது அதுக்கு அப்புறம்தான்.

பிரைன்னா உப்புக் கரைசல், 23 சதவீதம். வறண்ட சாலையில தெளிச்சு உலரவிட்டா ஐஸ் தரையோட ஒட்டாம தடுக்கும். ஆனா முதல்ல சாதா மழை பெஞ்சு, பிறகு உறைஞ்சா எல்லாம் கழுவிட்டுப் போயிடும். செவ்வாய் மாலை 35ல மழை, ராத்திரி 30ங்கிற உங்க முன்னறிவிப்பு அந்த வகைதான். வெள்ளைக் கோடு தெரியுதேன்னு நம்பாதீங்க.

ஆல்-வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்த உதவாது. நிறுத்துறது டயர். கணக்கைப் பாருங்க: வறண்ட சாலையில 40 மைல் வேகத்துல பிரேக் அடிச்சா சுமார் 20 மீட்டர்ல நிக்கும். ஈர ஐஸ்ல அதே வண்டிக்கு 160 மீட்டர் வேணும். 20 மைல்ல போனாக்கூட 40 மீட்டர். அதுலயும் 30, 31 டிகிரி ஐஸ்தான் மோசம், மேல நீர்ப்படலம் நிக்கும். 10 டிகிரி ஐஸ் இதைவிடப் பிடிமானம் தரும். மினசோட்டாவுல பத்து வருஷம் ஓட்டினேன்னு சொல்ற ஆளுங்க இங்க வந்து கவுறது இதனாலதான். அங்க பனியில ஓட்டியிருப்பாங்க, பனிக்கான டயரும் இருந்திருக்கும்.

ஸ்லீட் விழுந்தா பயப்படுற மாதிரி சத்தம் வரும், ஆனா சாலை மேல குருணையா உதிர்ந்து கிடக்கும், டயர் கொஞ்சமாவது பிடிக்கும். சத்தமில்லாம கண்ணாடி நனைஞ்சா அதுக்குத்தான் ஜாக்கிரதை. பக்கத்துல போற லாரியோட சக்கரத்துல இருந்து தண்ணி தெறிக்குதான்னு பாருங்க. சாலை ஈரமாத் தெரிஞ்சும் தெறிப்பு நின்னு போச்சுன்னா, அது தண்ணி இல்லை.

போயே ஆகணும்னா: டோல் வேண்டாம். தரையோட போற ரோடா பிடிங்க, பார்மர், பர்னெட், லமார் மாதிரி. அதுலயும் ஓடைப் பாலம் வரும். ஏறும் முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, பாலத்து மேல பிரேக்கும் வேண்டாம், ஆக்ஸிலரேட்டர் அழுத்தவும் வேண்டாம், ஸ்டீயரிங்கைத் திருப்பவும் வேண்டாம். குரூஸ் கண்ட்ரோல் கூடவே கூடாது. வழுக்கினா காலை எடுங்க, எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் பார்த்து ஸ்டீயரிங்கை மெதுவாத் திருப்புங்க. ஏ.பி.எஸ். இருந்தா பிரேக்கை அழுத்தி அப்படியே பிடிங்க; காலுக்கடியில அதிரும், விட்டுவிட்டு அடிக்க வேண்டாம். பாலத்துமேல யாராவது மோதி நின்னா உதவப் போறேன்னு வண்டியை விட்டு லேன்ல இறங்காதீங்க. உங்க வண்டி வழுக்கின அதே இடத்துல பின்னால வர்றதும் வழுக்கும்.

டெக்ஸாஸ் நெடுஞ்சாலைத் துறையோட டிரைவ்டெக்ஸாஸ் தளத்துல ஐஸ் உள்ள சாலை நிறம் மாறிக் காட்டும். கிளம்புறதுக்கு முன்னாடி பாருங்க, ஆனா ஒரு மணி நேரம் பழசா இருக்கலாம்.

என் யோசனை கேட்டா: நீங்க போகாதீங்க. அவங்க இறங்கினதும் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்து ஓட்டல்ல ஒரு ராத்திரி ரூம் போட்டுடுங்க. பெரும்பாலான ஓட்டலுக்கு ஷட்டில் உண்டு, இந்த வானிலையில ஓடுதான்னு மட்டும் முன்னாடியே போன்ல கேட்டுக்கோங்க. வியாழன் மதியம் போய்க் கூட்டிட்டு வாங்க. ரூமை செவ்வாயே போடுங்க, புதன் மதியம் கிடைக்காது.

லேக்லைன்_லோகு:

ரொம்ப யோசிக்காதீங்க ப்ரோ. காலையில ஒரு கெட்டில் சுடுதண்ணி எடுத்து விண்ட்ஷீல்டுல ஊத்தினா ரெண்டு நிமிஷத்துல க்ளீன். குழாய் எல்லாத்தையும் திறந்து விட்டுடுங்க, சேஃப்.

மோபாக்_ஓட்டுநர்:

சுடுதண்ணி வேண்டவே வேண்டாம். கண்ணாடியில கண்ணுக்குத் தெரியாத கல் அடி இருந்தா ஒரே கோடா ஓடிடும். வடிஞ்ச தண்ணி வைப்பர் அடியிலயும் கதவு ரப்பர்லயும் போய் மறுபடி உறையும், டிரைவ்வே தனியா வழுக்கும்.

70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ரெண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு, ஸ்ப்ரே பாட்டில்ல கலந்து அடிங்க. ஒரு நிமிஷம் விட்டு பிளாஸ்டிக் அட்டையால தள்ளினா வந்துடும். இன்னும் நல்லது, செவ்வாய் ராத்திரியே கண்ணாடி மேல பழைய பெட்ஷீட்டோ அட்டையோ வச்சு வைப்பரால அழுத்திடுறது. வாஷர் டேங்கையும் பாருங்க: நம்ம கடைகள்ல வருஷம் பூரா விக்கிறது பூச்சி கழுவுற திரவம், 32லயே உறையும். ஓடுற வண்டியில அதை அடிச்சா ஒரு நொடியில பார்வை போயிடும். மைனஸ் 20ன்னு போட்ட திரவமா மாத்தி, பம்ப் வரைக்கும் புதுசு வர்ற மாதிரி கொஞ்சம் அடிச்சு விட்டுடுங்க.

இன்ஜினை ஓடவிட்டு டிஃப்ராஸ்ட் போடுறதா இருந்தா கராஜுக்கு வெளியில வச்சுச் செய்யுங்க. கராஜ் கதவைத் திறந்து வச்சாலும் உள்ளே வேண்டாம். 2021ல டெக்ஸாஸ்ல குளிர்ல செத்தவங்க ஒரு பக்கம்னா, கராஜ்ல காரை ஓடவிட்டும் வீட்டுக்குள்ள கரி அடுப்பு மூட்டியும் கார்பன் மோனாக்சைடுல போனவங்க இன்னொரு பக்கம்.

வால்வு_வாத்தியார்:

குழாயைப் பத்தி லோகு சொன்னதைத் திருத்தணும். தென்மாநில வீடுகளில் சுவருக்குள்ளும் பரண்மேலும் போற குழாய் உறையத் தொடங்குறது வெளியே 20 டிகிரி வாக்கில், அதுவும் சில மணி நேரம் நீடிச்சால். உங்களுக்கு வர்றது 26. வீட்டைச் சூடாக்குற ஹீட்டிங் ஓடிக்கிட்டிருந்தால் சொட்டவிடத் தேவையில்லை. ஊரே குழாயைத் திறந்தால் நகரத்துத் தண்ணி அழுத்தம் விழும். 2021ல அழுத்தம் விழுந்துதான் தண்ணியைக் கொதிக்கவச்சுக் குடிங்கன்னு அறிவிப்பு வந்தது. வடக்குச் சுவரில் சிங்க் இருந்தால் அதன் கீழ் அலமாரிக் கதவைத் திறந்து வைங்க, போதும். கரண்ட் போய் வீட்டுக்குள்ளே 50க்குக் கீழே இறங்கினால் கதை வேற. அப்போ மெயின் வால்வில் இருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கிற ஒரு குழாயில், சூடும் குளிரும் ரெண்டு பக்கமும், பென்சில் முனை அளவு ஒழுகவிடுங்க.

26 டிகிரியில் உண்மையிலேயே போறது வெளியே நிக்கிற பொருள்கள்.

தோட்டக் குழாய்: ஹோஸைக் கழற்றுங்க. பலர் ஹோஸோட சேர்த்து ஃபோம் மூடி போட்டுட்டு நிம்மதியாப் போவாங்க. ஹோஸ் மாட்டியிருந்தா தண்ணி வடிய வழியில்லை, சுவருக்குள் இருக்கிற பாகம் வெடிக்கும். உறைவது அன்னைக்கு, ஒழுகுறது மார்ச்சில் நீங்க முதல்முறை திறக்கும்போது.

பித்தளை அமைப்பு: அது பின்னோட்டத் தடுப்பான், ஸ்பிரிங்க்ளர் தண்ணி குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும், பி.வி.பி.னு சொல்லுவாங்க. தரைக்கு ஓர் அடிக்கு மேல், பித்தளை உடம்பும் செப்புக் குழாயுமா வெட்டவெளியில் நிக்கும். உள்ளே இருக்கிற தண்ணி ஒரு தம்ளர்தான், அதனால் 28க்குக் கீழே சில மணி நேரம் போதும். முதலில் ஸ்பிரிங்க்ளர் கன்ட்ரோலரை ஆஃப் பண்ணுங்க. புதன் காலை 5 மணிக்கு அது பாட்டுக்கு ஓடி நடைபாதையை ஐஸ் ஆக்கிடும், வருஷா வருஷம் யாராவது ஒரு வீட்டில் நடக்குது. அடுத்து ஸ்பிரிங்க்ளருக்கு மட்டும் போற அடைப்பு வால்வைத் தேடுங்க, மீட்டர் பக்கத்தில் தரைப் பெட்டிக்குள் இருக்கும். அதை மூடுங்க. இப்போ பி.வி.பி. பக்கவாட்டில் சின்னதா ரெண்டு சோதனைக் குழாய் இருக்கும், தலையில் ஸ்க்ரூ டிரைவர் வெட்டு. தட்டை முனை ஸ்க்ரூ டிரைவரால் கால் சுற்றுத் திருப்பினா தண்ணி வடியும். பி.வி.பி.யில் இருக்கிற ரெண்டு பெரிய கைப்பிடிகளையும் 45 டிகிரி கோணத்தில், பாதி திறந்த நிலையில் விடுங்க. முழுசா மூடினால் பந்து வால்வுக்குள்ளே சிக்கின தண்ணி உறைஞ்சு உடம்பைப் பிளக்கும். இதை நிறைய பேர் தப்பாச் செய்றாங்க, யூட்யூபில் உட்பட. பிறகு துண்டு சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை.

அடைப்பு வால்வு கிடைக்கலைனாலோ, துருப்பிடிச்சுத் திரும்பலைனாலோ பலவந்தம் பண்ணாதீங்க. பழைய போர்வை ரெண்டு சுற்று, வெளியே குப்பைப் பை, டேப். 26க்கு அது தாங்கும். சில வீடுகளில் பி.வி.பி.க்குப் பதில் தரைப் பெட்டிக்குள் இரட்டைச் செக் வால்வு இருக்கும். மண்ணுக்குள் இருப்பதால் பெட்டி மூடி சரியா உட்கார்ந்திருக்கான்னு மட்டும் பாருங்க.

டேங்க்லெஸ் ஹீட்டர்: பெட்டிக்குள்ளே உறைதடுப்பு மின்சூடாக்கி உண்டு, கரண்ட் இருக்கிறவரை பெட்டி பத்திரம். பெட்டிக்குக் கீழே தொங்குற ரெண்டு குழாய்க்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதுக்கு ஃபோம் உறை போடுங்க, இடைவெளி விடாமல் வால்வு மேலயும் போடுங்க. கரண்ட் போனால் வரிசை இது: கேஸ் வால்வை மூடு, குளிர்நீர் வரும் வால்வை மூடு, வீட்டுக்குள் ஒரு சுடுதண்ணிக் குழாயைத் திற, வால்வுகளின் வடிகால் மூடிகளைக் கழற்றி வாளியில் வடிய விடு. குளிர்நீர் வாயில் வடிகட்டி இருக்கும், அதையும் கழற்றினால்தான் கடைசித் தண்ணி வரும். சுடுதண்ணி பயன்படுத்தி முடிச்ச உடனே செய்யாதீங்க, உள்ளே கொதிநீர் இருக்கும்.

சீடர்பார்க்_புதுசு:

ரொம்ப நன்றி. அடைப்பு வால்வு கிடைச்சுது, கைப்பிடி ரெண்டையும் பாதியில விட்டிருக்கேன். ஓட்டலும் புக் பண்ணிட்டேன். கல் உப்பு பத்தி யாராவது? அப்புறம், 2021 மாதிரி கரண்ட் போகுமா? வீட்டு முன்னாடி ஒரு பெரிய லைவ் ஓக் இருக்கு, ஒரு கிளை கூரை மேல வருது.

கருவேலன்:

கல் உப்பு தாராளமாக ஆகும். கடையில் விற்கும் ஐஸ் உப்பும் சோடியம் குளோரைடுதான். கல் பெரிதாக இருப்பது நல்லதே. உருளாமல் நின்று ஐஸைத் துளைத்துக்கொண்டு இறங்கும். தூள் உப்பு உடனே கரைந்து ஓடிவிடும். சோடியம் குளோரைடு தரை வெப்பம் 15 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை வேலை செய்யும். உங்களுக்கு 26, கவலையில்லை. அதற்குக் கீழே என்றால் கால்சியம் குளோரைடு வேண்டும்.

அளவுதான் முக்கியம். ஒரு பெரிய காபி குவளை உப்பு, அதாவது 12 அவுன்ஸ், 20 அடி டிரைவ்வேக்குப் போதும். குவித்துக் கொட்டுவதால் வேகமாக உருகாது. கல்லுக்கும் கல்லுக்கும் இரண்டு மூன்று அங்குல இடைவெளி இருந்தாலே படிவு அடியிலிருந்து விடுபடும். செவ்வாய் மாலை மழைக்கு முன் போட்டால் அத்தனையும் சாக்கடைக்குப் போகும். தூறல் உறையத் தொடங்கியதும் போடுங்கள், கால் மணி நேரம் விட்டுத் தட்டை மண்வெட்டியால் தள்ளுங்கள். தள்ளாமல் விட்டால் உருகிய நீர் நீர்த்துப்போய் ராத்திரி மறுபடி உறையும். செடிப் பாத்தியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு உட்பட்ட புது கான்கிரீட் என்றால் உப்பே வேண்டாம், மணல் தூவுங்கள். பூனை மணல் (பூனையின் கழிவுத் தட்டில் போடுவது) போடலாம் என்பார்கள். கட்டியாகும் வகையை வாங்கினால் சேறாகிவிடும்.

கரண்ட் விஷயத்தில் இரண்டு வருடங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2021 பிப்ரவரியில் போனது உற்பத்திப் பற்றாக்குறையால்: பல நாள் கடுங்குளிர், மின்நிலையங்களும் எரிவாயு வரத்தும் முடங்கின, மாநில மின்கட்டமைப்பை நிர்வகிக்கும் எர்காட் மாநிலம் முழுக்க சுமையைக் குறைக்கச் சொன்னது. 26 டிகிரி ஓர் இரவுக்கு அந்த நிலை வராது. 2023 ஜனவரி இறுதியில் ஆஸ்டினில் போனது வேறு காரணம். மூன்று நாள் உறைமழை, மரங்கள் முறிந்து தெருக் கம்பிகள் அறுந்தன. உற்பத்தி போதுமான அளவு இருந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருளில். இதைத் தெருத்தெருவாகப் போய்த்தான் சரிசெய்ய முடியும், அதனால் சிலருக்கு ஒரு வாரம் ஆனது. 0.05 அங்குலத்துக்கு அந்த அளவு வராது. முன்னறிவிப்பு 0.2, 0.25 என்று ஏறினால் மட்டும் இந்தப் பகுதியை மறுபடி படியுங்கள்.

லைவ் ஓக் குளிர்காலத்திலும் இலையோடு நிற்கும். ஒவ்வோர் இலையும் ஐஸ் சுமக்கும், அதனால் மற்ற மரங்களைவிட முதலில் முறியும். நம் ஊரில் சீடர் என்று அழைக்கிற ஜூனிபரும் அப்படியே. கூரைமேல் வரும் கிளையை இன்றைக்கு அவசரமாக வெட்ட வேண்டாம், ஐஸ் பிடித்த கிளையைக் கம்பால் தட்டவும் வேண்டாம். வளைந்திருக்கும் கிளை தானே நிமிரும், தட்டினால் முறியும். அந்தக் கிளையின் கீழ் கார் நிறுத்தாதீர்கள்.

ஒருவேளை முறிந்தால் ஒரு விஷயம். மத்திய டெக்ஸாஸில் ஓக் வில்ட் பூஞ்சை நோய் உண்டு. வெட்டுக்காயத்தின் சாறுக்கு வரும் வண்டுகள் அதைப் பரப்பும். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக்கை வெட்டக் கூடாது என்பது பொது விதி. புயலில் முறிந்தது மட்டும் விலக்கு. முறிந்த முனையைச் சீராக அறுத்துவிட்டு, அதே நிமிடத்தில் பெயிண்ட் அடிக்க வேண்டும். எந்தப் பெயிண்டாக இருந்தாலும் சரி. மறுநாள் அடிப்பது பயன்படாது. தெருவில் வந்து கதவு தட்டும் மரம் வெட்டுகிறவர்களிடம் முதலில் "பெயிண்ட் வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் அனுப்பிவிடுங்கள்.

மேகவாசி:

விமானம் பற்றி யாரும் சொல்லவில்லையே. லேசான உறைதூறலில் விமானம் இறங்குவது பெரும்பாலும் நடக்கும். தரையில் நிற்கும் விமானம் கிளம்பத்தான் திண்டாடும். இறக்கையில் முதலில் சூடான வகை-1 திரவம் அடித்து ஐஸைக் கரைப்பார்கள், பிறகு கெட்டியான வகை-4 அடித்துப் புது ஐஸ் படியாமல் காப்பார்கள். அந்தக் காப்புக்குக் காலக்கெடு உண்டு. கிளம்பும் வரிசை நீண்டால் திரும்ப வந்து மறுபடி அடிக்க வேண்டும். நம் ஊர் விமான நிலையத்தில் இதற்கான வண்டிகள் வடமாநிலங்கள் அளவுக்கு இல்லை, ஆகவே வாயில்கள் காலியாகாமல் வந்த விமானமும் ஓடுபாதையோரம் காத்திருக்கும். உங்கள் பெற்றோர் 2 மணிக்கு இறங்கினாலும் வெளியே வர 5 ஆகலாம். ஹூஸ்டனுக்குத் திருப்பிவிடவும் கூடும். ஓட்டல் முகவரி, உங்கள் எண் இரண்டையும் தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை பெட்டியில் போகாமல் கையில் இருக்கட்டும். விமான நிறுவனம் வானிலைக்காகக் கட்டணமில்லாத தேதி மாற்றம் அறிவித்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

சீடர்பார்க்_புதுசு:

பார்த்தேன், அறிவிச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்கு மாத்திட்டோம், அப்பாவுக்குத்தான் கோபம். ஓட்டலை ரத்து பண்ணிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: வியாழன் மதியம் 45 ஆகுதுன்னு போட்டிருக்கு. உடனே ஸ்பிரிங்க்ளரைத் திறக்கலாமா?

வால்வு_வாத்தியார்:

வெள்ளி, சனி இரவு முன்னறிவிப்பையும் பார்த்துட்டு, 32க்கு மேலேயே நிக்கும்னா திறங்க. முதலில் ரெண்டு சோதனைக் குழாயையும் மூடுங்க, வெட்டு குழாய்க்குக் குறுக்கே வரணும். அடுத்து பி.வி.பி.யின் முதல் கைப்பிடியை முழுசாத் திறந்து, ரெண்டாவதை மூடி வைங்க. பிறகு தரைப் பெட்டி வால்வை ரொம்ப மெதுவா, அரை நிமிஷம் எடுத்துத் திறங்க. பி.வி.பி. தலைமூடிக்கு அடியில் தண்ணி பீச்சும். ரெண்டு மூணு நொடியில் அழுத்தம் ஏறி உள்வால்வு மேலே போய் அடைச்சுக்கும், அது சரியான அறிகுறி. பிறகு ரெண்டாவது கைப்பிடியைத் திறங்க. பீச்சுறது நிக்கவே இல்லைன்னா உள்ளே பிளாஸ்டிக் பாகம் உறைஞ்சு வெடிச்சிருக்கு. தரைப் பெட்டி வால்வை மூடிட்டு, உடம்பில் பொறிச்சிருக்கிற மாடல் எண்ணையும் குழாய் அளவையும் போட்டோ எடுத்துக்கிட்டுப் போய் அதுக்கான பானெட், பாப்பெட் கிட் (மேல்மூடியும் உள்வால்வும்) வாங்குங்க. பித்தளையிலேயே கீறல் தெரிஞ்சா கிட் உதவாது, முழுசா மாத்தணும். அதுக்கு உரிமம் உள்ளவர் வந்து சோதனைச் சான்றும் தரணும்.